"அந்தக் கேமரா என்ன வெல வரும்மா?"

போன வைகாசியில் திருமங்கலத்தில் ஒரு கல்யாணம். இரண்டாம் பந்தியில் பக்கத்து இலைக்காரர், பெண்ணுக்குப் பெரியப்பா, ரசம் வருவதற்குள் கேட்ட கேள்வி இது. விலையைச் சொன்னேன். "அதானே பாத்தேன். அதான் போட்டோ பளிச்சுனு இருக்கு!"

பதினோரு வருஷமாகக் கல்யாணம் எடுக்கிறேன். இதைக் கேட்காத மண்டபம் குறைவு. (ஆரம்பத்தில், "பொண்ணுக்கு மேக்கப் போட வந்தீங்களாம்மா?" என்பார்கள். அதற்கு இது தேவலாம்.) பந்தியில் என்ன பேச்சு என்று மோரை வாங்கிக்கொண்டேன்.

எவ்வளவு விலை கொடுத்தாலும் கேமரா வேட்டியைப் பார்த்தால் ஏமாறும். உள்ளே இருந்து வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டையில் ஃப்ரேமை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வெளிச்சம் ஜாஸ்தி என்று நினைத்துக் குறைத்துவிடும். வேட்டி அழுக்காகும், முகம் இருண்டுபோகும். நாம்தான் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, ஏற்ற வேண்டும். மண்டபத்து விளக்கு இன்னொரு தலைவலி. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மட்டமான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/1000 நொடியில் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். 1/100-க்கு இறக்கினால் பெரும்பாலும் போய்விடும்.

இதெல்லாம் ஒரு மாதத்தில் படிந்துவிடும். எங்கே நிற்பது என்பதற்குத்தான் எனக்கு வருஷங்கள் ஆயின. தாலி கட்டும் நேரத்தில் நான் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டேன், ஐயர் கையைப் பார்ப்பேன். அவர் விரலை ஆட்டி "கெட்டிமேளம்" என்றதும் மொத்த மண்டபமும் எழுந்துவிடும், அட்சதை பறக்கும், குறுக்கே பத்து போன் நீளும். அதற்கு முன்பே இடம் பிடித்திருக்க வேண்டும்.

முதல் வருஷம் ஒரு கல்யாணத்தில், முந்தின படம் சரியாக விழுந்ததா என்று குனிந்து திரையைப் பார்த்தேன். நிமிர்ந்தால் நாத்தனார் மூன்றாவது முடிச்சில் இருக்கிறார். வீடியோக்காரரிடம் கெஞ்சி ஒரு ஃப்ரேம் வாங்கி ஆல்பத்தில் வைத்தேன். அந்த வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் புரட்ட மனசு வராது.

"போட்டோஷாப்ல பாத்துக்கலாம்" என்பார்கள். மூடின கண்ணை அடுத்த ஷாட்டிலிருந்து எடுத்து வைக்கலாம். எடுக்காத தாலிகட்டை எங்கே போய் எடுப்பது? "பொண்ணைக் கொஞ்சம் கலராக்கிக் குடுங்க" என்பவர்களுக்கு மட்டும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். மாப்பிள்ளையைக் கலராக்கச் சொல்லி இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

ஆடி மாசம். முகூர்த்தம் கிடையாது, லென்ஸ் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தத் திருமங்கலத்துப் பெரியப்பாவிடமிருந்து போன்.

"ஒங்க கேமராவேதான்மா பையனுக்கு வாங்கிக் குடுத்தேன். நேத்து கோயில்ல எடுத்தான். மூஞ்சியெல்லாம் கருப்படிச்சுக் கெடக்கு. பீஸே கோளாறா?"

"எல்லாரும் வெள்ளை வேட்டியாங்கய்யா?"

"கோயிலுக்கு வேற என்னத்தம்மா கட்டிட்டுப் போவாங்க?"

போனைப் பையனிடம் கொடுக்கச் சொன்னேன்.