டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு வாங்கு

மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள சுரங்க ஊரான நியூமனுக்கு வேலை கிடைத்து வரும் நம் ஆட்கள், வந்த வாரமே கேட்பது இதுதான்: "அண்ணா, எந்த வண்டி வாங்கலாம்?" முதலில் ஸ்டெப்னியைப் பார் என்பேன். டிக்கிக்குள் விரிப்பைத் தூக்கினால் சைக்கிள் சக்கரத்துக்கு அண்ணன் மாதிரி ஒல்லியாக ஒன்று படுத்திருந்தால், அந்த வண்டி பெர்த் நகரத்துக்குப் போதும். அதை மாட்டிக்கொண்டு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. சரளை ரோட்டுக்கு ஆகவே ஆகாது. சில புது வண்டிகளில் அதுவும் கிடையாது. ஒரு பசை பாட்டிலும் சின்ன பம்பும் வைத்து அனுப்பிவிடுகிறார்கள்.

ஊரில் இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. திருச்சி - மதுரை ரோட்டில் டயர் போனால், பழைய டயரில் வெள்ளைப் பெயின்டால் 'பஞ்சர்' என்று எழுதி மரத்தில் தொங்கவிட்ட கடை எப்படியும் வந்துவிடும். 2020-ல் இந்தியாவில் விதியையே மாற்றினார்கள்: டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் குறைந்தால் சொல்லும் கருவியும், பஞ்சர் கிட்டும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அங்கே அது சரிதான்.

இங்கே கதை வேறு. நியூமன் என்பது 1960-களின் கடைசியில் இரும்புத்தாதுக்காகவே பில்பரா என்ற வறண்ட பகுதியில் எழுப்பிய ஊர். பெர்த்துக்குப் போக சுமார் 1,200 கி.மீ. வடக்கே மார்பிள் பார் 300 கி.மீ.; நடுவில் நல்லஜீன் என்ற குட்டி ஊர் ஒன்றுதான். ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளினால் போனில் சிக்னல் இருக்காது. அந்த மார்பிள் பாரில்தான் 1923 அக்டோபர் கடைசியில் தொடங்கி 1924 ஏப்ரல் வரை, தொடர்ந்து 160 நாள் பகலின் உச்ச வெப்பம் 37.8 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. நின்றுபோன வண்டி ஓரம் காத்திருக்க ஏற்ற இடமில்லை.

ஆணி குத்தினால் பரவாயில்லை. ஓட்டையில் ரப்பர் பிளக் அடித்துக் காற்றடித்தால் ஓடும். பில்பராவின் கல் வேறு மாதிரி. தட்டையாக, விளிம்பு கூராக இருக்கும். டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். பக்கவாட்டுக் கிழிசலுக்கு பிளக் வேலைக்காகாது.

ஒரு ஜூலை மாதம் மார்பிள் பார் போகும்போது எங்களுக்கு அதுதான் நடந்தது. பின்பக்க இடது டயரில் இரண்டு விரல் நுழையும் கிழிசல். லேண்ட் குரூசரில் ஸ்டெப்னி வண்டியின் அடியில் சங்கிலியில் தொங்கும். பம்பருக்கு மேலுள்ள ஓட்டை வழியாக நீளக் கம்பியை விட்டுச் சுற்றினால் இறங்கும். செம்புழுதி ஏறி அது இறுகிக் கிடந்தது. மனைவி டார்ச் பிடிக்க, நான் படுத்தபடி தட்டித் தட்டிச் சுற்றினேன். ஜாக்கியை வைத்தால் சரளையில் புதைகிறது. பின்னால் கிடந்த பலகைத் துண்டை அடியில் கொடுத்தபிறகுதான் வண்டி எழுந்தது. அதற்குள் ரோடு டிரெயின் என்று இங்கே சொல்லும் நீள லாரி ஒன்று, நான்கு டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனது. இரண்டு நிமிடம் புழுதியில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. சுரங்கத்தில் என் உயரத்தைப் போல் இரு மடங்கு டயரை மாற்ற இயந்திரக் கை இருக்கிறது. ரோட்டில் நம் கைதான்.

அந்த நேரத்தில் மாட்டுப்பண்ணைக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். "ஆல் குட், மேட்?" என்றார். எல்லாம் சரி என்றோம், அவர் நகரவில்லை. நட்டுகளைக் குறுக்கே குறுக்கே மாற்றி முறுக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, "50 கி.மீ. போய் மறுபடி முறுக்கிப் பார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இந்தப் பக்கம் ரோட்டில் நிற்கும் வண்டியைக் கண்டும் காணாமல் போகிறவர்கள் குறைவு.

அதன்பிறகு மார்பிள் பார் வரை கையில் ஸ்டெப்னி இல்லாமல் ஓட்டிய ஓட்டம்தான் என்னை இரண்டாவது ஸ்டெப்னி பற்றி யோசிக்க வைத்தது. ஆனால் அதை எங்கே வைப்பது? சக்கரத்தோடு 35 கிலோ வரும். கூரையில் ஏற்றினால் கூரை தாங்கும் எடையில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும். பின்புறம் தாங்கி பொருத்தலாம், காசு நிறைய ஆகும். ரிம் இல்லாமல் வெறும் டயரை மட்டும் எடுத்துப் போகிறவர்களும் உண்டு. வழியில் நின்று பழையதை ரிம்மிலிருந்து கழற்றிப் பாருங்கள், தெரியும்.

என் கணக்கில் நியூமனைச் சுற்றிய ஓட்டத்துக்கு ஒன்று போதும், அது முழு அளவு டயராக, மற்ற நான்கைப் போலவே இருந்தால். பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஸ்டெப்னியின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்க்க வேண்டும். 2316 என்றால் 2016-ன் 23-வது வாரத்தில் செய்தது. பல வண்டிகளில் அது வண்டி பிறந்த அன்றே மாட்டியதாக இருக்கும். தேயாமலே ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். அப்புறம் காற்று. தார் ரோட்டில் 40 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் சரளையில் 30-க்கு இறக்கி, வேகத்தையும் 80-க்குள் வைக்கிறேன். டயர் கல்லுக்கு வளைந்து கொடுக்கும். காற்றை இறக்கிவிட்டு வேகத்தை இறக்காவிட்டால் டயர் சூடேறி அதுவே வெடிக்கும்.

இதே மாநிலத்தின் வடகோடியான கிம்பர்லி பக்கம் உள்ள கிப் ரிவர் ரோடு மட்டும் விதிவிலக்கு. மாடு ஏற்றிப் போக 1960-களில் போட்ட ரோடு, 660 கி.மீ. அங்கே இரண்டு ஸ்டெப்னி வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த தம்பி ஒருவன் என் பேச்சைக் கேட்டு எங்களுடைய அதே மாடல் வண்டியாகவே வாங்கினான். சக்கரம் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதால் இரண்டு குடும்பமும் சேர்ந்து போனபோது, இரண்டு வண்டிக்கும் மூன்று ஸ்டெப்னி எடுத்துக்கொண்டோம். நான்காவதுக்கான இடத்தில் ஃபிரிட்ஜ் ஏறியது.