பொறியியல் கலந்தாய்வு: விருப்பப் பட்டியலைச் செலவிலிருந்து போடுவது

எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று கலந்தாய்வில் வரிசையாகத் தரும் விருப்பப் பட்டியலைப் பலரும் கட் ஆஃபில், அதாவது சென்ற ஆண்டு கடைசியாக இடம் கிடைத்த மதிப்பெண்ணில், தொடங்குகிறார்கள். பணத்தில் தொடங்கினால் பாதிப் பெயர்கள் முதல் நாளே உதிர்ந்துவிடும்.

சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டணக் குழு 2017-ல் நிர்ணயித்த தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. குடும்பக் கணக்கை உடைப்பது பெரும்பாலும் இதுவல்ல. விடுதி, மெஸ், பஸ், 'இதர கட்டணம்' ஆகியவைதான். கல்லூரிக்கு போன் போட்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: விடுதி முன்பணம் திரும்பக் கிடைக்குமா, நம் ஊர் ஸ்டாப்புக்கு பஸ் கட்டணம் எவ்வளவு, பஸ் கட்டாயமா, வேலைவாய்ப்புப் பயிற்சிக்குத் தனிக் கட்டணம் உண்டா. கல்விக் கட்டணத்தோடு சேர்த்து ஓராண்டுக்கு வரும் தொகையை நான்கால் பெருக்கி, அதைப் பட்டியலில் கல்லூரிப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பி.எஸ்.ஜி. டெக், மதுரை தியாகராசர் போன்ற கல்லூரிகளில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் சேர்ந்தே இருக்கும். பாடப்பிரிவின் பெயருக்குப் பின்னால் 'எஸ்எஸ்' என்றிருந்தால் அது சுயநிதி. கல்லூரி ஒன்றுதான், கட்டணம் ஒன்றல்ல. கல்லூரி எண்ணோடு நிற்காமல், பாடப்பிரிவுக் குறியீட்டையும் சரிபார்த்துச் சேர்க்க வேண்டும்.

குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கலந்தாய்வில் கிடைக்கும் இடத்துக்கு மட்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. அண்ணனோ அக்காவோ முன்பே வாங்கியிருந்தாலும் கிடையாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பெற்றால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அவர்களுக்குப் பட்டியலே வேறு; கட்டணத்துக்காக எந்தக் கல்லூரியையும் நீக்கத் தேவையில்லை.

அடுத்தது பொருத்தம். என்பிஏ என்பது பாடப்பிரிவுக்குத் தருவது, கல்லூரிக்கு அல்ல; நாம் எடுக்கும் பிரிவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத் தேர்ச்சி விகிதத்தை வைத்துத் தன்னாட்சிக் கல்லூரியை மற்றதோடு ஒப்பிட முடியாது, அவர்களே வினாத்தாள் போட்டு அவர்களே திருத்துகிறார்கள். வேலைவாய்ப்பில் அதிகபட்ச சம்பளம் எதையும் சொல்லாது. அந்தப் பிரிவில் வேலைவாய்ப்புக்குப் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், வேலை பெற்றவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்கள் போதும்.

வரிசை போடும்போது கிடைக்குமா என்று யோசிக்க வேண்டாம். நம் தரவரிசை வரும்போது, பட்டியலின் மேலிருந்து பார்த்து, காலியாக உள்ள முதல் விருப்பம் ஒதுக்கப்படும். எட்டாததை மேலே வைப்பதால் கீழே உள்ளது போகாது. பட்டியல் குட்டையாக இருந்தால்தான் ஆபத்து: எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுவீர்கள். நம் வகுப்புப் பிரிவின் சென்ற ஆண்டுக் கட் ஆஃபைப் பார்த்து, நம் மதிப்பெண்ணுக்குப் பத்து மதிப்பெண் கீழே வரை இறங்குங்கள். கிடைத்தாலும் சேரமாட்டோம் என்பதை மட்டும் சேர்க்காதீர்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், அதை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். அதற்குரிய பணத்தைக் கெடுவுக்குள் உதவி மையத்தில் கட்டியாக வேண்டும். மேல் விருப்பம் கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும். அதனால் மேலே இருக்கும் ஒவ்வொன்றின் நான்காண்டுச் செலவும் நம்மால் முடிந்ததுதானா என்று, பட்டியலைப் பூட்டும் முன்பே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.