டாக்ஸில் திருத்தினால் தளத்திலும் திருந்த வேண்டும்: வீட்டுச் சமையல் குறிப்புகளை இணையத்தில் ஏற்றிய அனுபவம்

எங்கள் வீட்டுச் சமையல் குறிப்புகள் எல்லாம் கூகுள் டாக்ஸில் ஒரு ஃபோல்டருக்குள் இருக்கின்றன. பள்ளத்தூரில் அப்பத்தா போன் கீபோர்டில் மைக்கை அழுத்திவிட்டுச் சொல்வார், அது எழுத்தாக விழும். சிங்கப்பூரில் இருக்கும் அயித்தை அதைப் படித்துப் பார்த்துச் சேர்ப்பார், கழிப்பார். காரைக்குடியில் இருக்கும் நான் ஒற்றுப்பிழையும் தலைப்பும் பார்ப்பேன். இவற்றை ஒரு வலைத்தளமாகக் கொண்டுவர வேண்டும் என்று இறங்கினேன். நிபந்தனை ஒன்றுதான். அப்பத்தாவும் அயித்தையும் இதற்காகப் புதிதாக எதையும் படித்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் டாக்ஸில் ஒரு வரியை மாற்றினால் தளத்தில் அது தானாக மாற வேண்டும்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் வெள்ளைப் பணியாரம். குறிப்பில் முதலில் இருந்தது ஒரு தம்ளர் பச்சரிசிக்குக் கால் தம்ளர் உளுந்து. அதை வாசித்துக் காட்டியதும் அப்பத்தா, “அப்படி இல்லப்பா. அரிசியத் தலைதட்டி அள. அதே தம்ளர்ல, அரிசிக்கு மேலயே உளுந்தக் கோபுரமா வை. சரியிற வரைக்கும் வை. அவ்வளவுதான் உளுந்து” என்றார். அயித்தை உடனே அதை ஆவணத்தில் மாற்றிவிட்டு, பக்கத்தில் கமெண்ட் ஒன்றும் போட்டார்: “தம்பி, எந்தத் தம்ளர்னும் எழுதணும்.” நியாயமான கேள்வி. வாய் அகன்ற தம்ளரில் கோபுரம் பெரிதாக நிற்கும், ஒடுங்கியதில் சிறுத்துவிடும். அரிசி அதே அளவாக இருந்தாலும் உளுந்து மாறிப்போகும். இப்படிக் குறிப்புகள் திருந்திக்கொண்டேதான் இருக்கும். தளத்துக்கென்று தனிப் பிரதி எடுத்து வைத்தால் இந்தத் திருத்தங்கள் அங்கே போய்ச் சேராது.

எளிய வழியிலிருந்து தொடங்கினேன். ஃபைல் மெனுவில் ஷேர், அதற்குள் ‘பப்ளிஷ் டு வெப்’. அழுத்தினால் ஒரு முகவரி கிடைக்கும். கூகுள் கணக்கு இல்லாதவர்களும் அதைத் திறந்து படிக்கலாம், யாரும் கை வைக்க முடியாது. மாற்றம் செய்தால் தானாக மறுபடி வெளியிடும்படி ஒரு டிக் பெட்டியும் உண்டு. டிக் இருந்தால் சில நிமிடங்களில் வெளிப் பக்கமும் மாறிவிடும். ஓரத்தில் அயித்தை போடும் கமெண்டுகள் வெளியே தெரியாது. ஒரே ஒரு ஆவணத்தை நாலு பேருக்குக் காட்டுவதற்கு இது போதும், இதைத் தாண்டிப் போக வேண்டியதே இல்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது குறிப்புகளுக்கு நடுவே போய்வர ஒரு பட்டியல், தேட ஒரு பெட்டி, நாங்களே தேர்ந்தெடுத்த எழுத்துரு. அந்தப் பக்கத்தை வேறொரு தளத்துக்குள் பதித்தும் பார்த்தேன். போனில் பக்கத்துக்குள் ஒரு பக்கம் உருண்டது. அப்பத்தா விரல் வைத்தால் சில நேரம் உள்ளே இருப்பது நகரும், சில நேரம் வெளியே இருப்பது நகரும்.

அடுத்து, வலைப்பக்கங்கள் எழுதப்படும் எச்டிஎம்எல் வடிவில் இறக்குவது. ஒரு ஜிப் கோப்பு வரும், படங்கள் தனி ஃபோல்டரில் இருக்கும். திறந்து பார்த்தால் பத்திக்குப் பத்தி, சில இடங்களில் சொல்லுக்குச் சொல், ஸ்டைல் பெயர்களும் எழுத்துரு விவரமும் நிரம்பிக் கிடக்கும். ஆவணத்தின் தோற்றத்தை அப்படியே காப்பாற்ற அது தேவை. எனக்கு வேண்டியது தோற்றம் இல்லை, உள்ளடக்கம் மட்டும். சரி, இது வேண்டாம் என்று விட்டேன்.

பிடித்துப்போனது மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவம். 2024-இல் டாக்ஸின் டவுன்லோட் பட்டியலில் இது சேர்ந்தது. தலைப்புக்கு முன் ஹேஷ் குறி, தடித்த எழுத்துக்கு இருபுறமும் நட்சத்திரம், மற்றபடி வெறும் தமிழ். நோட்பேடில் திறந்தாலும் வாசிக்கலாம். இதை எடுத்து வலைப்பக்கமாக்க, கோப்புகளைத் திருத்த வரலாற்றோடு சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தின் ‘பேஜஸ்’ வசதி இருக்கிறது, பொதுவில் வைத்திருக்கும் கோப்புகளுக்குக் காசு இல்லை.

நடுவே பாலம் போடுவது ஆப்ஸ் ஸ்கிரிப்ட், கூகுள் கோப்புகளில் வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் நிரல் வசதி. இரவில் ஓடும்படி ஒரு டைமர் வைத்திருக்கிறேன். ஃபோல்டரில் உள்ள ஆவணங்களின் கடைசித் திருத்த நேரத்தைப் பார்த்து, மாறியதை மட்டும் மார்க்டவுனாக எடுத்து கிட்ஹப்புக்கு அனுப்பும். எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டாம், ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம்தான் வரம்பு. தமிழுக்காக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிட்ஹப் உள்ளடக்கத்தை பேஸ்64 என்ற, பெரும்பாலும் ஆங்கில எழுத்தும் எண்ணுமான வடிவத்தில் கேட்கும். அப்படி மாற்றும் வரியில் யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்தையும் தாங்கும் குறியாக்கம்) என்று நாமே குறிப்பிட்டுவிடுவது நல்லது, எழுத்து சிதையாமல் போய்ச் சேரும். இன்னொன்று படங்கள். மார்க்டவுனாக இறக்கும்போது ஆவணத்தில் இருக்கும் படமும் எழுத்துக் குவியலாக மாறிக் கோப்பின் அடியில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பணியாரப் படத்துக்கே கோப்பு கனத்துவிடும். அதனால் படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, ஆவணத்தில் படத்தின் பெயரை மட்டும் எழுதுகிறோம்.

தலைப்புகள்தான் இதில் நுணுக்கமான இடம். டாக்ஸில் ‘ஹெடிங்’ ஸ்டைல் கொடுத்த வரி மட்டுமே மார்க்டவுனில் தலைப்பாக வரும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் கண்ணுக்குத் தலைப்பு, கோப்புக்கு அது சாதாரண வரி. அப்பத்தாவிடம் போய் ஸ்டைல் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. ‘தேவையானவை’, ‘செய்முறை’, ‘பக்குவம்’ என்ற மூன்று தலைப்பும் ஏற்கெனவே போட்ட வெற்று ஆவணம் ஒன்றைச் செய்து வைத்தேன். புதுக் குறிப்பு என்றால் அதைப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அப்பத்தா கந்தரப்பம் என்ற இனிப்புப் பலகாரத்தைச் சொன்னபோது பெரும்பகுதி ‘பக்குவம்’ பகுதியில்தான் விழுந்தது: மாவு கரண்டியிலிருந்து எப்படி வழிய வேண்டும், எண்ணெய் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், எப்போது திருப்ப வேண்டும். அளவுப் பட்டியல் நாலு வரிகூட வரவில்லை. அச்சுக் குறிப்புகளில் நான் தேடிக் கிடைக்காதது இந்தப் பகுதிதான். இந்தத் தளம் எதற்கு என்று யாராவது கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

பக்க முகவரியைத் தமிழிலேயே வைக்க ஆசைப்பட்டேன். உலாவியில் அழகாகத் தெரியும். நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பெரும்பாலும் சதவிகிதக் குறியும் எண்ணுமாக விரிந்துவிடும். ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 9 எழுத்து. மெய்ப்புள்ளியும் தனிக் குறியீடு என்பதால் ‘கந்தரப்பம்’ என்ற ஏழெழுத்துச் சொல்லில் 10 குறியீடு, அது முகவரியில் 90 எழுத்தாக நீளும். அதனால் முகவரிக்கு ஆங்கில எழுத்தில் சின்னப் பெயர், பக்கத்தில் தமிழ்த் தலைப்பு. எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ், வரி இடைவெளி கொஞ்சம் தாராளமாக. கொம்பும் சுழியும் மேல் வரியோடு முட்டக் கூடாது.

பழைய தாளைப் பத்திரப்படுத்துவது எங்கள் ஊர்ப் பக்கத்துக்குப் புதிதில்லை. காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் கோட்டையூரின் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும் துண்டுத் தாள்களும்தான் 1994 முதல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக இருக்கின்றன. சமையல் குறிப்புக்கும் அந்த மரியாதை வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போது ஒவ்வொரு குறிப்பும் டாக்ஸில் ஒன்று, கிட்ஹப்பில் ஒன்று என இரண்டு இடத்தில் இருக்கிறது. இரண்டிலும் திருத்த வரலாறு உண்டு. கால் தம்ளர் உளுந்து எப்போது கோபுரமானது, யார் மாற்றியது என்று பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

மிச்சம் இருப்பது அச்சுப் பிரதி. அதே ஆவணத்தை பிடிஎஃப்பாகவும் இபப் என்ற மின்னூல் வடிவிலும் இறக்கிக்கொள்ளலாம் என்பதால் புது வேலை அதிகம் இல்லை. ஆடி மாதம் செய்யும் கும்மாயம் என்ற இனிப்பின் குறிப்பை முதலில் அச்சடித்துத் தேவகோட்டையில் இருக்கும் ஆச்சிக்கு அனுப்பப் போகிறேன். அங்கே கும்மாயத்துக்கு வேறு அளவு என்று சொல்லியிருக்கிறார். அதையும் அதே ஆவணத்தில், எங்கள் அளவுக்குக் கீழே, ஊர்ப் பெயர் போட்டுச் சேர்ப்பதாக அயித்தையிடம் பேசி முடிவு செய்திருக்கிறோம்.