ஹெட்போன் ஒப்பீடு: முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள்

இரண்டு நல்ல ஹெட்போன்களை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டுவிட்டு "இதில் டீட்டெய்ல் அதிகம்" என்று தீர்ப்பு சொல்வது சுலபம். பல நேரம் அந்த ஒன்று கொஞ்சம் சத்தமாக ஒலித்திருக்கும், அவ்வளவுதான். ஒரு டெசிபல் கூடினால் நமக்கு அது சத்தமாகவே தெரியாது, தெளிவு கூடினமாதிரிதான் இருக்கும்.

சமப்படுத்தப் பெரிய கருவி தேவையில்லை. தடித்த அட்டையில் ஃபோன் மைக் அளவுக்கு ஓட்டை போடுங்கள். மைக்கை ஓட்டைக்குக் கீழே வைத்து, மேலே ஹெட்போனின் ஒரு கப்பை (காதை மூடும் கிண்ணம்) இடைவெளி விடாமல் அழுத்தி உட்கார வையுங்கள். 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வடிகட்டிய பிங்க் நாய்ஸை (எல்லா அதிர்வெண்ணும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, ஃபோனில் சத்தம் அளக்கும் ஆப்பைப் பார்த்து, இரண்டு ஹெட்போனிலும் ஒரே அளவு வரும் வால்யூமைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆப் காட்டும் எண் சரியானதா என்பது முக்கியமில்லை, இரண்டிலும் ஒன்றாக இருந்தால் போதும். முழு பிங்க் நாய்ஸ் வேண்டாம்: பேட் (கப்பின் மெத்தை) லேசாகத் தூக்கினாலே பாஸ், அதாவது கீழ் ஒலி, ஒழுகும், மைக் சற்று நகர்ந்தாலே ட்ரெபிள், அதாவது மேல் ஒலி, மாறும்.

பெட்டியில் போட்டிருக்கும் சென்சிடிவிட்டியை (குறிப்பிட்ட மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் என்ற அளவு) நம்பி வால்யூம் வைப்பதும் தப்பு. சிலர் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்பார்கள், சிலர் ஒரு வோல்ட்டுக்கு. மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்று போட்ட 32 ஓம் (மின்தடையின் அலகு) ஹெட்போன், ஒரு வோல்ட்டில் 115 வரை போகும். அதே 100 போட்ட 300 ஓம் ஹெட்போன் 105-ஐத்தான் தொடும்.

அடுத்து சீல், அதாவது பேட் தலையோடு இடைவெளியில்லாமல் ஒட்டுவது. 30 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, க்ளோஸ்டு-பேக் (பின்புறம் மூடிய) கப்பை விரலால் மெதுவாக அழுத்துங்கள். பாஸ் சட்டென்று கூடினால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பிதான் குற்றவாளி.

இதையெல்லாம் சரிசெய்த பிறகு சென்ஹைசர் ஹெச்டி 600-ஐயும் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 80 ஓமையும் கேட்டால் குணம் பிரிந்து தெரியும். ஹெச்டி 600 ஓபன்-பேக், கப்பின் பின்புறம் திறந்திருக்கும். குரல், வயலின், வீணை எல்லாம் இயல்பாக இருக்கும், ஆனால் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆள் காணாமல் போய்விடும். டிடி 770-இல் அடிபாஸ் கனமாக இறங்கும். அதற்கு விலையாக 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கிறது, பாடகர் 'ஸ்' என்றால் ஊசி குத்தும். பாடல் கேட்க என்றால் என் ஓட்டு ஹெச்டி 600-க்கே.

ஹெட்போனுக்குச் சிக்னலைப் பெருக்கித் தரும் ஆம்பும் ஆட்டத்தைக் கெடுக்கலாம். ஹெச்டி 600 பெயருக்கு 300 ஓம், ஆனால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 500 ஓமைத் தாண்டும். அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்பின் சொந்த மின்தடை) 120 ஓம் உள்ள ஆம்பில் செருகினால் அந்த இடத்தில் பாஸ் ஏறத்தாழ ஒரு டெசிபல் வீங்கும். "டியூப் ஆம்பில் (வெற்றிடக் குழாய் ஆம்ப்) ஒலியில் சூடு கூடுகிறது" என்று சொல்வதில் பாதி இதுதான். பிளேனார் டிரைவர்களின் (தட்டையான படலத்தால் ஒலி எழுப்பும் பாகங்கள்) இம்பீடன்ஸ் ஏறக்குறைய சமமாகப் போவதால் அவற்றில் இந்த மாற்றம் தெரியாது.

கட்டுமானத்தில் எடையைவிட எது கழற்றி மாட்ட வரும் என்று பார்ப்பேன். ஹெச்டி 600-இன் கேபிள் இரண்டு கப்பிலிருந்தும் பிடுங்க வரும். பின் இரண்டில் ஒன்று தடிமன், ஒன்று மெலிசு. தலைகீழாகச் செருக முயன்று அழுத்தாதீர்கள். எடுக்கும்போது வயரை இழுக்காமல் பிளக்கைப் பிடித்து இழுங்கள். புதிதில் தலையை இறுக்கும். ஸ்லைடரை முழுக்க வெளியே இழுத்து, அந்த உலோகப் பட்டையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கலாம். பிளாஸ்டிக்கைப் பிடித்து விரித்தால் விரிசல்தான்.

டிடி 770-இன் உலோகச் சட்டம் முரட்டுத்தனமானது. ஆனால் கேபிள் இடது கப்புக்குள் நிரந்தரமாகப் போகிறது, அறுந்தால் சால்டரிங் அயர்ன் எடுக்கவேண்டும். பேட் மாற்றுவது பொறுமையைச் சோதிக்கும்: அதன் உதட்டை ஒரு பக்கம் பள்ளத்தில் மாட்டி, விரலால் சுற்றி இழுத்துக்கொண்டே வரவேண்டும்.

பேட் தட்டையானால் காது டிரைவரை நெருங்கும், பாஸும் ட்ரெபிளும் மாறும். ஆகவே பழைய ஜோடியைப் புதியதோடு ஒப்பிடுவதானால் முதலில் அதற்கு ஒரிஜினல் பேட் வாங்கி மாட்டுங்கள். வெல்வெட் பேடுக்குப் பதில் தோல்மாதிரிப் பேட் போட்டால் அது வேறு ஹெட்போன்.