சுண்டெலித் தடமும் பெண் எலியின் தேர்வும்

மண்டபம், தேவிபட்டினம் பக்கத்துக் கருவாட்டுக் கொட்டகையிலும் மிளகாய்க் கிட்டங்கியிலும் எலி வாடை என்று மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். பெண் சுண்டெலிக்கோ அந்த வாடைதான் வரன் பார்க்கும் இடம்.

வளர்ந்த ஆண் சுண்டெலியின் மூத்திரத்தில் புரதம் ஏராளம். மனிதருக்கு அவ்வளவு போனால் சிறுநீரகம் பழுது என்பார்கள். எலிக்கு இயல்பே அதுதான். ஈரலில் உருவாகும் இந்தப் புரதத்தின் நடுவே ஒரு குழிவு உண்டு. சட்டென்று ஆவியாகிவிடும் மணப்பொருள் அதற்குள் தங்கி மெல்லக் கசியும். கச்சான் காற்று கொட்டகையை உலர்த்தும் மாதங்களிலும் மூத்திரத் தடத்தின் மணம் உடனே போய்விடாதது இதனால்தான்.

இந்தப் புரதங்களில் ஒன்றான டார்சினை 2010-ல் லிவர்பூல் பல்கலைக்கழகத்து ஜேன் ஹர்ஸ்ட் குழு அறிவித்தது. பெண் எலி அதில் மூக்கை வைத்தால் அந்த ஆணின் தனி மணத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும். தடம் இருந்த இடத்தை 14 நாள் வரை நினைவில் வைத்திருக்கும். தொட முடியாதபடி கம்பி வலை போட்டு, காற்றில் மட்டும் முகர விட்டால் இந்தக் கற்றல் நடப்பதில்லை.

தடத்தைக் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. ஆய்வகத்து வடிதாளைச் சுவரோரமாக விரித்து, ஓரங்களில் கல் வையுங்கள். எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். மறுநாள் இருட்டில் 365 நானோமீட்டர் யூவி டார்ச் அடித்தால் மூத்திரப் பொட்டுகள் ஒளிரும். பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். சாதாரண வெள்ளைத்தாள் வேண்டாம். அதில் சேர்த்திருக்கும் வெளுப்பூட்டி தாள் முழுவதையும் நீலமாக ஒளிர வைத்துவிடும். சோப்புத்தூளில் துவைத்த துணியும் அப்படியே. நம் பக்கத்தில் இன்னொன்றும் ஒளிரும்: தேள். கையை நீட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை எலிக் கூண்டில் தாள் விரித்தால் கதை தெளிவாகத் தெரியும். அடக்கி ஆளும் ஆண் தாள் முழுக்கச் சின்னச் சின்னப் பொட்டாகத் தெளித்திருக்கும். தோற்று ஒடுங்கிய ஆண் மூலையில் ஓரிரு பெரிய திட்டாக விட்டிருக்கும். கிட்டங்கித் தாளில் பல எலி கலந்துவிடுவதால் இதைப் படிக்க முடியாது, முயலவும் வேண்டாம்.

பெண் பார்ப்பது பொட்டின் எண்ணிக்கையை மட்டும் அல்ல. போட்டி ஆண் வந்து மூத்திரம் விட்டுப் போன இடத்தில் உரிமைக்கார ஆண் புதுத் தடம் இட்டிருக்கிறானா என்று பார்க்கும். நெருங்கிய உறவின் மணமா என்று பிரித்தறியும். ஒட்டுண்ணி பிடித்த ஆணின் மணத்தை ஒதுக்கும்.

பெண் எந்த ஆணின் மணத்தை விரும்புகிறது என்று கல்லூரியில் சோதிப்பவர்கள் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வாங்கிய பிறகே தொடங்க வேண்டும். இரண்டு ஆண்களின் மூத்திரத்தைத் தனித்தனித் தாளில் இடுங்கள். இரண்டு தாளிலும் ஒரே அளவு, 10 மைக்ரோலிட்டர் போதும். இடம் வலம் மாற்றி மாற்றி வையுங்கள். இல்லையென்றால் எலி மூலையை விரும்பியதா, ஆணை விரும்பியதா என்றே தெரியாது. பெண்ணின் இனப்பெருக்கச் சுழற்சி 4–5 நாள். அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாராமல் சேர்த்த கணக்கு உதவாது. வெறுங்கையால் தொட்ட தாளையும் எறிந்துவிடுங்கள்.

கிட்டங்கிக்காரர்களுக்கு: எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், கையுறை போட்டு, பிளீச்சிங் தண்ணீரில் நனைத்தே துடையுங்கள், உலர்வாகப் பெருக்காதீர்கள். துடைத்த தரையில் ஆண் மறுபடி தடம் இடும் என்பதால், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சந்துகளையெல்லாம் அன்றே அடையுங்கள். எலி விழுந்த பொறியை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் விடுங்கள். அந்த மணத்துக்கு அடுத்தது வரும்.