பெரிய டீச்சர் தலையில விழுந்த அஞ்சு வகுப்பு

ஈராசிரியர் பள்ளின்னா என்னன்னு வெளியில நிறைய பேருக்குத் தெரியாதுங்க. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் அஞ்சு வகுப்பு, டீச்சர் ரெண்டே பேரு, அதுல ஒருத்தர் ஹெச்.எம். அந்த ஹெச்.எம்.தான் சத்துணவு நோட்டுல கையெழுத்து போடணும், புக்கு வந்திருக்குன்னு சொன்னா போய் எடுத்துட்டு வரணும், கேட்ட புள்ளிவிவரத்தை எல்லாம் அன்னைக்கே குடுக்கணும், நடுவுல பாடமும் எடுக்கணும். இதுல இன்னொருத்தர் ட்ரெயினிங்னு வட்டார வள மையத்துக்குக் கிளம்பிட்டா அன்னைக்கு அஞ்சு வகுப்பும் மிச்சம் இருக்கற ஒருத்தர் தலையிலதான். ஆசிரியர் வளர்ச்சி, தொழில் மேம்பாடுன்னு மேடையில ஈஸியா பேசிடறாங்க, ஆனா எங்களை மாதிரி ஸ்கூல்ல நான் வளரணும்னா அந்த நாளோட பாரத்தை வேற யாரோ தூக்கணும், எனக்கு அதைத் தூக்கினவங்க எங்க ஹெச்.எம்., பெரிய டீச்சர். பசங்க அவங்களை அப்படித்தான் கூப்பிடுவாங்க, கொஞ்ச நாள்ல நானும் அப்படியே கூப்பிட ஆரம்பிச்சுட்டேன்.

நான் வேலைக்கு வந்தது 2008ல, எம்ப்ளாய்மெண்ட் சீனியாரிட்டில. அப்பதான் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்ச செயல்வழிக் கற்றல், ஏ.பி.எல்., மாநிலம் பூரா வந்து எல்லா ஸ்கூலும் அதோட மல்லுக்கட்டிட்டு இருந்த நேரம். டீச்சர் ட்ரெயினிங்ல நான் படிச்சது என்னவோ பாடக்குறிப்பு, கரும்பலகை, முன்னாடி நின்னு பாடம் நடத்தறது. இங்க வந்து பார்த்தா நாலு வகுப்புப் பிள்ளைங்களும் பாய்ல கலந்து உக்காந்திருக்கு, சுவத்துல பிள்ளைங்க உயரத்துக்குக் கரும்பலகை, தலைக்கு மேல கம்பிப் பந்தல்ல அதுங்க வரைஞ்ச படம் தொங்குது, எதுக்கப்புறம் எதைப் படிக்கணும்னு காட்டற ஏணிப்படி சார்ட்டைப் பார்த்து அடுத்த பாட அட்டை எதுன்னு பிள்ளையே கண்டுபிடிச்சு ரேக்குல இருந்து எடுத்துக்குது. எனக்கு எங்க நிக்கறதுன்னே தெரியல. பெரிய டீச்சர் அப்பவே சர்வீஸ்ல பாதிக்கு மேல முடிச்சவங்க, முட்டி வலி வேற, ஆனா மறுபேச்சு பேசாம பாய்ல உக்காந்துட்டாங்க. "நீயும் உக்காரும்மா, நின்னா அதுங்க மூஞ்சி தெரியாது"ன்னாங்க. எனக்கு கிடைச்ச முதல் பயிற்சி அதுதான், சான்றிதழ் எல்லாம் கிடையாது.

அப்புறம் ஒரு தடவை மாவட்டத்துல கருத்தாளரா, அதாவது மத்த டீச்சர்ஸுக்குப் பயிற்சி குடுக்கறவங்களா போக ஆள் கேட்டாங்க. நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் நோட்டீஸ் வந்தா நிறைய ஹெச்.எம்.ங்க மடிச்சு உள்ள வச்சிடுவாங்க, ஆளை விட்டா ஸ்கூலை யாரு பார்க்கறதுன்னு, அவங்களையும் குறை சொல்ல முடியாது. இவங்க என்னைக் கேக்கவே இல்ல, பேரைக் குடுத்துட்டு வந்து சொன்னாங்க. "டீச்சர் நீங்க தனியா எப்படி"ன்னு இழுத்தேன். "நீ போய் கத்துக்கிட்டு வந்து எனக்கும் சொல்லிக் குடு, பிள்ளைங்க எங்கயும் ஓடிடாது"ன்னு முடிச்சுட்டாங்க. அந்த ஒரு பேச்சுல நான் எத்தனையோ வட்டாரம் போய் நூத்துக்கணக்கான டீச்சர்ஸ் முன்னாடி பேசியிருக்கேன், அந்த ஒவ்வொரு நாளும் இங்க அவங்க ஒருத்தரே அஞ்சு வகுப்பையும் மேய்ச்சிருக்காங்க.

பயிற்சிங்களைப் பத்தி என் அபிப்ராயம் கேட்டா, பாதி வேஸ்ட்தான். மாநில அளவுல ஒருத்தர் கேட்டு, மாவட்டத்துல வந்து சொல்லி, அது வட்டாரத்துக்கு வந்து சேரும்போது மூணாவது டிகாக்ஷன் காபி மாதிரி நிறம் மட்டும் இருக்கும். பி.பி.டி. ஓடும், நாம கையெழுத்து போட்டுட்டு சாப்பாடு எப்பன்னு பார்த்துட்டு இருப்போம். நானும் கருத்தாளரா இருந்துக்கிட்டுதான் சொல்றேன்.

இன்னொரு வழியில கத்துக்கிட்டதுதான் மனசுல நின்னுச்சு. எங்க ஸ்கூலுக்கு ஆசிரியர் பயிற்றுநர் சார் ஒருத்தர் வருவார். மத்தவங்க வந்தா முதல்ல ரெஜிஸ்டரைக் கேப்பாங்க, இவர் செருப்பைக் கழட்டிட்டு நேரா பிள்ளைங்ககிட்ட போயிடுவார். அன்னைக்கு மூணாப்பு பையன் ஒருத்தன் 52ல 27 போனா 35ன்னு போட்டு வச்சிருந்தான். சார் பக்கத்துல உக்காந்து "எப்படிடா போட்ட"ன்னு கேட்டார். "ரெண்டுல ஏழு போகாது சார், ஏழுல ரெண்டு போகும்"னான். சார் என்னைப் பார்த்து சிரிச்சார். "டீச்சர், இவனுக்குக் கழிக்கத் தெரியும், சொந்தமா ஒரு விதி வச்சிருக்கான், அதை அவனே உடைக்கட்டும்"னு சொல்லிட்டு ஈர்க்குச்சி டப்பாவை எடுத்தார். பத்துப் பத்தா ரப்பர் பேண்டு போட்ட கட்டு அஞ்சு, தனிக்குச்சி ரெண்டு. "இதுல எனக்கு இருபத்தேழு குடு". பையன் ரெண்டு கட்டைக் குடுத்தான், தனியா இருந்த ரெண்டையும் குடுத்தான், அப்புறம் கையைப் பிசைஞ்சான். நான் சொல்லிடலாம்னு வாயெடுத்தேன், சார் கண்ணாலயே வேணாம்னார். கொஞ்ச நேரம் கழிச்சு "சார் கட்டைப் பிரிக்கலாமா?"ன்னு கேட்டான் பாருங்க. பிரிச்சு அஞ்சு குடுத்தான், மிச்சத்தை எண்ணி இருபத்தஞ்சுன்னு அவனே ஸ்லேட்டுல எழுதினான். இன்னைக்கு வரைக்கும் ஒரு பிள்ளை தப்பா போட்டா "எப்படி போட்ட?"ன்னு கேட்டுட்டுதான் அடுத்தது, அது சார் குடுத்தது.

ஏ.பி.எல். போச்சு, 2022ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்துச்சு, பிள்ளைங்களை அதுங்க கற்றல் நிலையை வச்சு அரும்பு மொட்டு மலர்னு பிரிச்சு நடத்தறோம். பெரிய டீச்சர் ரிட்டயர்டு ஆகிட்டாங்க. இப்ப என்னடான்னா 2025 செப்டம்பர் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, ரிட்டயர்டு ஆக அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கறவங்க ரெண்டு வருஷத்துக்குள்ள டெட், அதான் ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸ் பண்ணணும்னு. டெட் வர்றதுக்கு முன்னாடியே வேலைக்கு வந்த எங்களுக்கு வயித்துல புளியைக் கரைச்சுது, நாலு நாள்ல ஆசிரியர் தினம் வேற.

எங்க ஸ்கூலுக்குப் புதுசா வந்த தங்கச்சி டெட் எழுதி பாஸ் பண்ணிட்டு வந்த பொண்ணு. மதியம் சாப்பிட்டுக்கிட்டே எனக்கு சைக்காலஜி சொல்லிக் குடுக்கறா. வைகாட்ஸ்கின்னு ஒரு சைக்காலஜி அறிஞர் சொல்றார்க்கா, பிள்ளை தனியா செய்ய முடியாததை விவரம் தெரிஞ்சவங்க துணையோட செய்யும், அப்புறம் தனியாவே செஞ்சிடும்னா. அட, ஏ.பி.எல். குழுத்தட்டு அதுதானே, ஆசிரியர் துணையோட ஒரு குழு, சக மாணவர் துணையோட ஒரு குழு, கடைசியா சுயமா! இத்தனை வருஷம் தட்டு தட்டா பிள்ளைங்களை உக்கார வச்சிருக்கேன், அதுக்குப் பின்னாடி இந்த ஆளு இருக்கார்னு அவ சொல்லித்தான் புரியுது. பெரிய டீச்சரும் சாரும் எங்கிட்ட செஞ்சதும் இதேதான், அவங்க வைகாட்ஸ்கி பேரைச் சொன்னதே இல்ல.

டெட்ல நான் எழுத வேண்டியது முதல் பேப்பர், 150 கேள்வி. சைக்காலஜியும் கணக்கும் தேத்திடுவேன், இங்கிலீஷ்தான் உதறுது. பெரிய டீச்சர்கிட்ட போன்ல புலம்பினேன், "ஞாயித்துக்கிழமை வா, பேரன் பழைய கொஸ்டின் பேப்பர் எல்லாம் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கான், சாப்பிடாம வா"ன்னாங்க. போகணும்.