கைபேசி எடிட்டிங்கிலிருந்து டாவின்சி ரிசால்வுக்கு: வெட்டத் தொடங்கும் முன்

கைன்மாஸ்டர், விஎன் போன்ற செயலிகளில் கை பழகியவர்கள் கணினியில் வீடியோ எடிட் செய்யும் மென்பொருளான டாவின்சி ரிசால்வைத் திறந்ததும் அதிலுள்ள பட்டன்களைப் பார்த்து மிரள்கிறார்கள். பட்டன்கள் சில வாரங்களில் பழகிவிடும். கைபேசிச் செயலி நம்மைக் கேட்காமலே செய்துவந்த வேலைகள் சில உண்டு. இங்கே அவற்றை நாமே செய்ய வேண்டும். பலரும் பாதியில் கைவிடுவது அந்த இடத்தில்தான்.

முதல் வேலை ஃப்ரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் (ஃப்ரேம்கள்) ஓடுகின்றன என்பது. ரிசால்வின் புது ப்ராஜெக்ட் 24 ஃப்ரேமில் திறக்கும். கைபேசி வீடியோவோ பெரும்பாலும் 30. முதல் கிளிப்பைப் போடும்போது "ஃப்ரேம் ரேட்டை மாற்றட்டுமா?" என்று ஒரு பெட்டி வரும். படிக்காமல் வேண்டாம் என்று அழுத்தினால் நொடிக்கு 6 ஃப்ரேம் போய்விடும்; கேமரா பக்கவாட்டில் திரும்பும் காட்சிகளில் அந்தத் தடுக்கல் கண்ணை உறுத்தும். கிளிப் வைத்த டைம்லைனில் இதைப் பிறகு மாற்ற முடியாது. புது டைம்லைன் உருவாக்கி, அப்போதே 'யூஸ் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்' டிக்கை எடுத்துவிட்டுச் சரியான எண்ணைக் கொடுக்க வேண்டும்.

இதைவிடத் தொல்லையான விஷயம் ஒன்று உண்டு. வெளிச்சத்துக்கும் வேலைப்பளுவுக்கும் ஏற்பக் கைபேசி தன் ஃப்ரேம் ரேட்டைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். சராசரி 29.9 ஆக இருந்து, மென்பொருள் அதைச் சீரான 30 என்று எடுத்துக்கொண்டால், 10 நிமிடப் பேட்டியின் முடிவில் படம் ஒலியை விட 2 விநாடி முந்திவிடும். தொடக்கத்தில் எல்லாம் சரியாகத் தெரிவதால் கடைசிவரை ஓட்டிப் பார்க்காதவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. கிளிப்பை மீடியாஇன்ஃபோவில் (வீடியோ கோப்பின் விவரங்களைக் காட்டும் செயலி) திறந்து, ஃப்ரேம் ரேட் 'வேரியபிள்' (மாறிக்கொண்டே இருப்பது) என்று காட்டுகிறதா பாருங்கள். காட்டினால் ஹேண்ட்பிரேக்கில் (வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் செயலி) ஃப்ரேம் ரேட் 30, 'கான்ஸ்டன்ட்' (சீரானது), தரம் ஆர்எஃப் 18 என்று வைத்து மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். வெட்டி முடித்த பிறகு இதைச் செய்வது இரட்டை வேலை.

அடுத்து, ஓடும்போது திக்குவது. கைபேசிகள் வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.264, எச்.265 கோப்புகளில் பெரும்பாலான ஃப்ரேம்கள் முழுப் படமாக இருப்பதில்லை. மற்ற ஃப்ரேம்களிலிருந்து என்ன மாறியது என்பது மட்டுமே பதிவாகியிருக்கும். டைம்லைனில் நீங்கள் எங்கே தாவினாலும் கணினி பின்னால் போய் ஒரு முழு ஃப்ரேமைத் தேடி, அங்கிருந்து கணக்கிட்டு வர வேண்டும். 16 ஜிபி ரேம் இருந்தாலும் 4கே கிளிப்புகளில் இது தெரியும். உடனே புதுக் கணினி வாங்க ஓட வேண்டாம். மீடியா பூலில் (கிளிப்புகள் பட்டியலாக இருக்கும் இடம்) கிளிப்புகளைத் தேர்ந்து, வலது கிளிக்கில் 'ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா' கொடுங்கள். ப்ராக்ஸி என்பது வெட்டும்போது அசலுக்குப் பதிலாகப் பயன்படும் இலகுவான நகல். அதற்கு முன் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ப்ராக்ஸியின் அளவைப் பாதி அல்லது கால் பங்காகவும், வடிவத்தை டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆகவும் வையுங்கள். வட்டில் இடம் பிடிக்கும், ஆனால் வெட்டுவது இலகுவாகிவிடும். ஏற்றுமதி செய்யும் டெலிவர் பக்கத்தில் ப்ராக்ஸியைப் பயன்படுத்தும்படி நீங்களே டிக் செய்தால் ஒழிய, ஏற்றுமதி அசல் கோப்பிலிருந்துதான் நடக்கும்.

ரிசால்வ் வீடியோவைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. கோப்பு இருக்கும் இடத்தை மட்டும் நினைவில் வைக்கிறது. பென்டிரைவிலிருந்து நேரடியாக இழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு அதைக் கழற்றினால் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவப்புத் திரை வரும். எல்லாவற்றையும் முதலில் ஒரே ஃபோல்டரில் நகலெடுங்கள். 'எக்ஸ்போர்ட் ப்ராஜெக்ட்' வெட்டுகளை மட்டும் சேமிக்கும். வீடியோவும் சேர்ந்து வர 'ஆர்க்கைவ்' வேண்டும்.

வெட்டுவதற்குத் தொடக்கத்தில் மூன்று விசைகள் போதும்: கண்ட்ரோல் + B வெட்டும், பேக்ஸ்பேஸ் கிளிப்பை அழித்து அந்த இடத்தைக் காலியாக விடும், டெலீட் அழித்து அந்த இடைவெளியையும் மூடிவிடும். கடைசி இரண்டையும் குழப்பிக்கொண்டால் பின்னாலுள்ள கிளிப்புகள் நகர்ந்துவிடும்.

இலவசப் பதிப்பு 4கே வரை ஏற்றுமதி செய்யும். படத்தின் நாய்ஸைக் (இருட்டில் எடுத்த காட்சிகளில் தெரியும் புள்ளிகளை) குறைப்பது போன்ற சில வசதிகளுக்குக் கட்டணப் பதிப்பு வேண்டும். ஆரம்பத்தில் அது தேவையில்லை.

தமிழ்த் தலைப்பு வைப்பவர்கள் 'கொ', 'கௌ', 'தெ' மூன்றையும் தட்டச்சு செய்து முதலில் சோதியுங்கள். யூனிகோடில் ஒற்றைக்கொம்பு மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டு முன்னால் காட்டப்படுகிறது. எழுத்து அடுக்கும் வேலையைச் சரியாகச் செய்யாத கருவியில் அது இடம் மாறி நிற்கும். அப்படி உடைந்தால் தலைப்பை இன்க்ஸ்கேப்பில் (படம் வரையும் மென்பொருள்) அமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து, வீடியோவுக்கு மேலுள்ள டிராக்கில் வையுங்கள்.